விறகடுப்பு வீட்டில் வெப்பநிலைச் சண்டை ஏன் தீர்வதில்லை?

நோர்வேயில் 2025 ஒக்டோபர் 1 முதல் 'நோர்கஸ்பிரீஸ்' என்ற நிலையான மின்விலைத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. சேர்ந்துகொண்ட வீடுகளுக்கு ஓர் அலகு (ஒரு கிலோவாற்-மணி) மின்சாரம் 40 ஓரே, பெறுமதிசேர் வரியோடு 50 ஓரே; நூறு ஓரே ஒரு நோர்வே குரோனர். சந்தை விலை எப்படி ஆடினாலும் இதில் மாற்றமில்லை. திட்டம் வந்த நாளிலிருந்து பலரும் கேட்பது: வீட்டைச் சூடாக்க இருப்பறையில் வைத்திருக்கும் விறகடுப்பு இனி எதற்கு?

இதோடு இன்னொரு குழப்பமும் சுற்றுகிறது. பேர்கன் நகரில் விறகடுப்பையே தடை செய்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. பாதி உண்மை, பாதி பிழை. மூன்றாவது கேள்வி செய்தியில் வராது, வீட்டுக்குள்ளேயே வரும். அடுப்பு எரியும்போது ஒருவர் யன்னலைத் திறக்கச் சொல்கிறார், இன்னொருவர் போர்வைக்குள் இருந்தபடி இன்னும் ஒரு கட்டை போடச் சொல்கிறார்.

முதலாவது காசு, இரண்டாவது சட்டம், மூன்றாவது குடும்பம். ஆனால் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்: விறகடுப்பை ஒரு பெரிய ஹீற்றர் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது.

அடுப்பு ஹீற்றர் அல்ல

சுவரில் மாட்டிய மின் ஹீற்றருக்கு 21 என்று சொன்னால் 21 இல் நிற்கும். சூடு போதுமென்றால் தானே அணையும், குறைந்தால் தானே எரியும். விறகடுப்பில் அப்படி ஒரு குமிழ் கிடையாது. உள்ளே போட்ட கட்டை எரிந்து முடியும்வரை சூட்டைத் தந்துகொண்டுதான் இருக்கும்.

அந்தச் சூடு எவ்வளவு? நன்றாகக் காய்ந்த விறகில் கிலோவுக்கு நாலு அலகுக்குச் சற்று மேல் ஆற்றல் இருக்கிறது. நல்ல அடுப்பு அதில் முக்கால்வாசியை அறைக்குத் தரும், மிச்சம் புகைபோக்கி வழியே போய்விடும். ஆக ஒரு கிலோ விறகுக்கு ஏறக்குறைய 3 அலகு. நடுத்தரக் கட்டை இரண்டு சேர்ந்து ஒன்றரைக் கிலோ என்று வையுங்கள். அவை ஒரு மணி நேரத்தில் எரிந்தால் நாலரைக் கிலோவாற். சென்னையிலோ கொழும்பிலோ ஓர் அறையைக் குளிர வைக்கும் ஒரு டன் ஏசி, ஏறக்குறைய இதே அளவு சூட்டைத்தான் வெளியே தள்ளுகிறது. அந்த ஏசியைத் திருப்பி வைத்து, இருப்பறைக்குள் சூட்டை ஊதவிட்டதாக நினைத்துப் பாருங்கள்.

1950களில் கட்டிய, சந்து பொந்துகள் உள்ள மரவீட்டுக்கு மைனஸ் 15 பாகையில் இது போதாமலும் போகலாம். புதிதாகக் கட்டிய, காற்றுப் புகாத வீட்டுக்கோ மைனஸ் 5 இல் மொத்தமாக இரண்டு மூன்று கிலோவாற்றே தாராளம். அடுப்பு ஒன்றுதான். ஒரு வீட்டில் அது நோஞ்சான், இன்னொரு வீட்டில் அரக்கன்.

அடுத்தது சூடு வரும் வழி. வெப்பப் பம்பி, அதாவது வெளிக்காற்றின் சூட்டை எடுத்து உள்ளே கொண்டுவரும் மின்கருவி, காற்றைச் சூடாக்கி அறைக்குள் ஊதுகிறது. விறகடுப்பும் காற்றைச் சூடாக்கும்; ஆனால் அதன் விசேஷம் கதிர்வீச்சு, நம் பேச்சில் அனல். அனல் காற்றுக்காகக் காத்திருக்காது, நேர்கோட்டில் வந்து தோலில் படும். அடுப்புக்கு முன்னால் யாராவது வந்து நின்றால் உங்கள் முகத்தில் உடனே குளிர் தெரிவது அதனால்தான். தூரம் கூடக்கூட அனல் விறுவிறுவென்று குறையும். 'குளிர் காய்தல்' என்று நாம் சொல்வது இந்த அனலை வாங்குவதைத்தான். அறையைச் சூடாக்குவது வேறு வேலை.

தெர்மோமீற்றர் காட்டாத ஐந்து

வசதியான வெப்பநிலை எது என்ற கேள்வியை ஒரு கணக்காக ஆக்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த பொறியியலாளர் பி. ஓ. ஃபாங்கர். 1970இல் அவர் வகுத்த முறைதான் இன்றைய கட்டடத் தரநிர்ணயங்களுக்கு அடிப்படை. ஒருவருக்குக் குளிர்கிறதா, புழுங்குகிறதா என்பதை அவர் ஆறு காரணிகளில் அடக்கினார்:

1. காற்றின் வெப்பநிலை. தெர்மோமீற்றர் காட்டுவது இது ஒன்றை மட்டும்தான்.
2. சுற்றியிருக்கும் பரப்புகளின் வெப்பநிலை: சுவர், யன்னல் கண்ணாடி, அடுப்பு.
3. காற்றோட்டம்.
4. ஈரப்பதன்.
5. உடுத்தியிருப்பது.
6. உடல் செய்யும் வேலை.

விறகடுப்பு வீட்டில் எல்லாச் சிக்கலும் இரண்டாவதில்தான். காற்றின் வெப்பநிலையும் சுற்றுப் பரப்புகளின் சராசரியும் சேர்ந்து, இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓர் எண்ணைத்தான் உடம்பு உணர்கிறது.

ஓர் இருப்பறையை எடுத்துக்கொள்வோம். சுவர் தெர்மோமீற்றரில் 21. அம்மம்மா அடுப்புக்கு ஒன்றரை மீற்றர் தள்ளிக் கதிரையில் இருக்கிறார். அவரைச் சுற்றிய பரப்புகளின் சராசரி 29 என்றால் அவர் உணர்வது 25. மகன் அறையின் மறுகோடியில், பழைய கண்ணாடி யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைபேசியோடு இருக்கிறான். அவனைச் சுற்றிய சராசரி 15 என்றால் அவன் உணர்வது 18. ஒரே அறை, ஒரே தெர்மோமீற்றர், ஆனால் ஏழு பாகை வித்தியாசம். இப்போது அம்மா குசினியில் நின்று பொரித்துவிட்டு வருகிறார். நின்று வேலை செய்த உடம்பு, சும்மா இருந்த உடம்பைவிட ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ சூட்டை உண்டாக்கியிருக்கும். அவருக்கு எந்த மூலையும் புழுக்கம்தான். மூவரும் சொல்வது உண்மை.

ஃபாங்கரின் கணக்கில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஆறு காரணிகளையும் எவ்வளவு பொருத்தமாக வைத்தாலும் 5 சதவீதம் பேர் திருப்தியில்லாமல்தான் இருப்பார்கள் என்று சூத்திரத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். எல்லோருக்கும் ஒத்துவரும் பாகை ஒன்று இருப்பதாக அதை உருவாக்கியவரே நம்பவில்லை.

அந்தக் கணக்கில் ஓட்டையும் இருக்கிறது. உடல் வேலைக்கான அட்டவணை, 70 கிலோ எடையுள்ள நாற்பது வயது ஆணை அளவாக வைத்தது. பெண்களின் உடல் உண்டாக்கும் சூட்டை அது கூட்டிக் காட்டுகிறது என்று 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் எடுத்துக்காட்டினார்கள். அலுவலகங்களில் பெண்கள் சால்வையோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழக்கம் என்ற காரணியும் அந்த ஆறில் இல்லை. பிறகு வந்த ஆய்வுகள் அதைச் சேர்த்தன: வெளியே எந்த வெப்பநிலையில் வாழ்ந்து பழகினோமோ, அதையொட்டியே உள்ளே எதிர்பார்ப்பும் அமைகிறது. யாழ்ப்பாணத்தில் மார்கழி இரவு 22 பாகைக்கு இறங்கினாலே "சரியான பனி" என்று காதைச் சுற்றித் துணி கட்டுவோம். நோர்வேயிலோ குழந்தையைத் தள்ளுவண்டியில் போர்த்தி, குளிர்காலத்தில் வெளியே பகல் தூக்கம் போடவைக்கிறார்கள். படுக்கையறை குளிராக இருக்க வேண்டும், யன்னல் ஒரு விரற்கடை திறந்திருக்க வேண்டும் என்பது இங்கே பலருக்கு விதிபோல. அங்கே பிறந்த தாய்க்கும் இங்கே பிறந்த மகளுக்கும் ஒரே வீட்டில் இரண்டு தட்பவெப்பம் தேவைப்படுவதில் அதிசயம் இல்லை.

குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 பாகைக்குக் குறையாமல் இருப்பது பாதுகாப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டல். முதியோர், கைக்குழந்தைகள், நோயாளிகளுக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம். அதற்கு மேல் உள்ளதெல்லாம் விருப்பம். ஒரு தடித்த கம்பளிச் சட்டை சுமார் 2 பாகைக்குச் சமம்.

அடுப்பு காற்றை வறட்டுகிறதா?

பெரும்பாலும் இல்லை. மைனஸ் 10 பாகைக் காற்று ஒரு கனமீற்றரில் இரண்டேகால் கிராம் ஈரத்தைத்தான் தாங்கும். அதையே உள்ளே கொண்டுவந்து 21 பாகைக்குச் சூடாக்கினால், அது 18 கிராம் தாங்கக்கூடிய காற்று. இருப்பதோ அதே இரண்டேகால். ஈரப்பதன் 12 சதவீதம் அளவுக்கு விழுந்துவிடும். சமையல், குளியல், மூச்சு எல்லாம் சேர்ந்து அதைக் கொஞ்சம் தூக்கிவிடும். மின் ஹீற்றர் போட்டாலும் கதை இதுதான். உதடு வெடிப்பதற்கு அடுப்பைத் திட்டிப் பயனில்லை.

சூடு தாங்காமல் செய்யும் பிழை

காசும் சட்டமும் குடும்பமும் ஒன்றாக முட்டிக்கொள்ளும் இடம் இது. அறை புழுங்குகிறது. கட்டை பாதிதான் எரிந்திருக்கிறது. என்ன செய்வது? காற்று வரும் கதவை மூடுகிறார்கள். சுவாலை அடங்குகிறது, சூடு குறைகிறது, எல்லோருக்கும் நிம்மதி. படுக்கப் போகுமுன் இரண்டு பெரிய கட்டையைத் திணித்து, காற்றை மூடி, "விடியும்வரை மெல்ல எரியட்டும்" என்று விடுவதும் இதே வகை.

இது ஏன் பிழை என்பதற்கு விறகு எரியும் முறையைப் பார்க்க வேண்டும்.

1. முதலில் ஈரம் போகும். இப்போதுதான் வெட்டிய மரத்தில் எடையில் பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே தீயின் பலம் போய்விடும். ஊரில் பச்சை விறகை அடுப்பில் வைத்தால் நுனியில் நுரை தள்ளுவது இந்தத் தண்ணீர்தான். எரிக்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.
2. 200 பாகையைத் தாண்டும்போது மரம் வாயுவாக மாறத் தொடங்குகிறது. காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு இப்படி வாயுவாகத்தான் வெளியேறுகிறது. நாம் பார்க்கும் மஞ்சள் சுவாலை எரிப்பது இந்த வாயுவை.
3. அந்த வாயு முழுதாக எரிய 600 பாகை அளவில் சூடும் போதிய காற்றும் வேண்டும். எரிந்து முடிந்தால் மிச்சம் கரி, புகையில்லாமல் கனன்று தீரும்.

காற்றை மூடினால் மூன்றாம் படியில் இடி விழுகிறது. மரம் சூடாகத்தான் இருக்கிறது, ஆகவே வாயு வந்துகொண்டே இருக்கும். அதை எரிக்கக் காற்றும் இல்லை, சூடும் இல்லை. எரியாமல் தப்பிய விறகுதான் புகை. அதில் ஒரு பகுதி, குளிர்ந்த புகைபோக்கியின் சுவரில் பிசுபிசுப்பான கரும்பிசினாகப் படியும். ஒருநாள் அது தீப்பற்றினால் அதுதான் புகைபோக்கித் தீ. மீதி, காற்றே அசையாத குளிர் இரவில் அயல்வீட்டுக்காரரின் திறந்த படுக்கையறை யன்னலுக்குள் போகும். காலையில் அடுப்புக் கண்ணாடி கறுத்திருந்தால் இரவு நடந்தது இதுதான், வேறு சாட்சி வேண்டாம்.

சட்டம் வந்த இடமும் இதுதான். நோர்வேயில் வெளியாகும் நுண்துகள்களில், அதாவது பி.எம். 2.5இல், மிகப் பெரிய பங்கு வீட்டு விறகெரிப்புக்குத்தான். 1998 முதல் விற்கப்படும் புதிய அடுப்புகள் ஒரு கிலோ விறகுக்கு 10 கிராமுக்கு மேல் துகள் விடக்கூடாது என்று விதி வந்தது. இவற்றில் எரிகூட்டின் மேற்பகுதியில் சூடான காற்றை இரண்டாம் முறை செலுத்தி, வாயுவை அங்கேயே எரித்துவிடுவார்கள். பேர்கன் நகரம் 2021 ஜனவரி 1 முதல் தடை செய்தது இந்த வகைக்கு முந்திய பழைய அடுப்புகளை மட்டுமே. விறகடுப்பையே அல்ல. ஆனால் புதிய அடுப்பையும் காற்றை மூடிப் புகைய விட்டால் அது பழைய அடுப்பாகத்தான் நடந்துகொள்ளும். இதை எந்தச் சட்டமும் பிடிக்க முடியாது.

எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும்

இந்தப் பழமொழியைச் சொன்னவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஊர்க் குசினியில் உலை பொங்கினால் யாரும் அடுப்பின் காற்றை அடைப்பதில்லை. கொள்ளியை வெளியே இழுப்பார்கள். சூட்டைக் குறைக்கக் குறைக்க வேண்டியது விறகை, காற்றை அல்ல. இரும்பு அடுப்பில் எரியும் கட்டையை இழுக்க முடியாது. ஆகவே போடுமுன்பே கணக்குப் பார்க்க வேண்டும்.

1. பெரிய கட்டை ஒன்றைவிட, மெல்லிதாகப் பிளந்த சிறிய கட்டைகள் இரண்டு மூன்று. குறுகிய நேரம், கடும் தீ, அப்புறம் ஓய்வு.
2. மேலிருந்து பற்றவையுங்கள். பெரியதைக் கீழே, சிறியதை மேலே அடுக்கி, உச்சியில் சுள்ளி வைத்துக் கொளுத்தினால் கீழேயிருந்து கிளம்பும் வாயு சுவாலையைக் கடந்துதான் போக வேண்டும், அதனால் எரிந்துவிடும். நம் கைப்பழக்கத்துக்கு நேர் எதிர் என்பதால் முதல் இரண்டு முறை சரிவராததுபோலத் தோன்றும்.
3. சுவாலை இருக்கும்வரை காற்றை முழுக்க மூட வேண்டாம். கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் சுவாலை உயிரோடு இருக்க வேண்டும். கரி மட்டும் கனலும் கட்டத்தில் குறைத்தால் கேடில்லை.
4. படுக்கைக்குமுன் திணிப்பது வேண்டவே வேண்டாம். விடியற்காலைக் குளிருக்கு மின் ஹீற்றரை 18இல் வைத்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.
5. அடுப்பு வாங்கும்போது பெரியதுக்கு ஆசைப்படக்கூடாது. என் கணிப்பில் புதிய வீடுகளில் பாதித் தொல்லை இதனால்தான். சோப்புக்கல் (மாக்கல்) பொதிந்த அடுப்பு ஒரு மணி நேரச் சூட்டை உள்வாங்கிப் பல மணி நேரத்துக்குப் பிரித்துத் தரும், ஆனால் பாரமும் விலையும் கூட.

ஆட்கள் இருக்கும் இடத்தை மாற்றுவதும் ஒரு கட்டுப்பாட்டுக் குமிழ்தான். குளிருகிறவருக்கு அடுப்புப் பக்கக் கதிரை, புழுங்குகிறவருக்கு மறுபக்கம். அறைக்கதவைத் திறந்து வைத்தால் மிஞ்சிய சூடு மாடிப் பக்கம் ஏறிவிடும். ஏழு பாகை வித்தியாசம் ஒரே அறையில் கிடைக்கிறது என்றால், அதைக் குறையாகப் பார்ப்பானேன்?

குசினி விசிறியும் அடுப்பும்

நம் வீடுகளுக்கென்றே ஒரு விஷயம். செத்தல் மிளகாய் தாளிக்கும்போது குசினி விசிறியை முழு வேகத்தில் போடுவோம். அது மணிக்கு 300 கனமீற்றருக்கு மேல் காற்றை வெளியே இழுக்கும். எரியும் அடுப்புக்குத் தேவை மணிக்குப் பத்துப் பதினைந்து கனமீற்றர்தான். காற்றுப் புகாத வீட்டில் விசிறி இழுக்கும் அளவுக்கு வெளிக்காற்று உள்ளே வர வழியில்லை. உள்ளே வெற்றிடம்போல் ஆகி, புகைபோக்கியே காற்று வரும் வழியாக மாறிவிடும். அந்த நேரம் பார்த்து கட்டை போட அடுப்புக் கதவைத் திறந்தால் இருப்பறை முழுக்கப் புகை. அடுப்பில் பிழை என்று ஆளைக் கூப்பிடுவார்கள், பிழை விசிறியில்.

பற்றவைக்குமுன் விசிறியை நிறுத்துங்கள், அல்லது குசினி யன்னலை நாலு விரல் திறந்து வையுங்கள். வெளிக்காற்றை நேரே அடுப்புக்குக் கொண்டுவரும் குழாய் உள்ள அடுப்புகளும் உண்டு. எப்படியானாலும் காபன் மொனொக்சைட் எச்சரிப்பான் ஒன்று கட்டாயம். அந்த வாயுவுக்கு மணமில்லை.

இனி காசுக் கணக்கு

கடையில் வாங்கும் 40 லீற்றர் சாக்கைத் தராசில் வைத்துப் பாருங்கள். 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 3 அலகு, ஆக 36 அலகு சூடு. நோர்கஸ்பிரீஸ் விலையில் அது 18 குரோனர். மின்கம்பிக் கட்டணமும் வரியும் சேர்த்து ஓர் அலகு 1 குரோனர் என்று தாராளமாகப் பார்த்தாலும் 36 குரோனர். ஓர் அலகைக் கொண்டு மூன்று அலகு சூடு தரும் வெப்பப் பம்பி இருந்தால் வெறும் 12. இந்த விலைக்குக் கடையில் விறகுச் சாக்கு கிடைக்காது. சொந்தக் காணியில் வெட்டிப் பிளந்து அடுக்கியவருக்கு மட்டும்தான் விறகு மலிவு.

அப்படியென்றால் 2021, 2022இல் ஏன் விறகுக்கு அத்தனை கிராக்கி? அப்போது தெற்கு நோர்வேயில் மின்விலை பல மடங்கு ஏறியிருந்தது. 2024 டிசம்பர் 12 மாலை அங்கே ஒரு மணி நேரத்துக்கு ஓர் அலகு சுமார் 13 குரோனரைத் தொட்டது. அந்த மணி நேரத்தில் சந்தை விலைப்படி ஒரு சாக்கு விறகின் மதிப்பு 400 குரோனரைத் தாண்டுகிறது. நிலையான விலைத் திட்டத்தில் சேராமல் மணிக்கணக்கு விலையில் இருப்பவர்களுக்கு அடுப்பு இன்றைக்கும் ஒரு காப்புறுதி.

காசு தவிர்த்து ஒரே ஒரு காரணம் மிஞ்சுகிறது, அது பலமான காரணம். மின்சாரம் நின்றால் ஹீற்றரும் வெப்பப் பம்பியும் சேர்ந்து நின்றுவிடும். நோர்வேயின் சிவில் பாதுகாப்பு அமைப்பு 2024இல் வீடு வீடாக அனுப்பிய கைநூலில், ஒவ்வொரு வீடும் ஒரு வாரம் தானாகவே சமாளிக்கத் தயாராக இருக்கச் சொல்கிறது. சூட்டுக்கான மாற்று வழியும் அதில் அடக்கம். ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு மூன்று கிலோவுக்குச் சற்று மேல் என்று ஓர் அறையை மட்டும் காய்த்தால் நாளுக்குப் பத்துக் கிலோ. ஒரு வாரத்துக்கு 70 கிலோ, அதாவது ஆறு சாக்கு. கூரைக்குக் கீழே, நிலத்தில் படாமல், காற்றோட்டமாக வைத்தால் அவை அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும். எரித்த சாம்பலை மட்டும் மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வெளியே வையுங்கள். அதற்குள் கங்கு இரண்டு மூன்று நாளைக்கும் உயிரோடு கிடக்கும்.